அரக்கு முத்திரையிடாத நற்சான்று

சமூகப்பணியில் முதுநிலைப் படிப்புக்கு நான் விண்ணப்பித்த காலத்தில், இராயபுரத்தில் எங்கள் தெருவார் ஒருவருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியாது. நாடு விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. மருத்துவம் தெரியும், சட்டம் தெரியும், ஆசிரியப் பயிற்சி தெரியும். பிறர்க்கு உதவுவதையும் ஒரு கல்லூரியில் அமர்ந்து முறையாகக் கற்க வேண்டும் என்பது அவர்களுக்கு நகைப்புக்குரிய செய்தியாகவே இருந்தது.

என் தந்தையார் தென்மாவட்டத்துக் கருப்பட்டியும் வற்றல் மிளகாயும் மொத்தமாக வரவழைத்து விற்பவர். ஒரு பண்டத்தை மோந்து பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடுவார். மகள் விரும்பிய கல்வியின் தரம் மட்டும் அவருடைய மூக்குக்கு எட்டவில்லை.

"ஏம்மா, நாலு பேருக்கு நல்லது செய்யணும்னா செஞ்சிட்டுப் போ. அதுக்குப் போய் ரெண்டு வருசம் ஒரு காலேசுல உக்காரணுமா? மனசு இருந்தா போதாதா?"

"நோய் தீர்க்க மனம் மட்டும் போதுமா, அப்பா?"

"அது வேற, இது வேற."

"வேறு அன்று."

"இப்பிடிப் பேசினா உன்ன எந்த ஊருலதான் புரிஞ்சிக்கிடுவாக?"

தமிழில் இளங்கலை முடித்திருந்த எனக்கு அருகிலிருந்த பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியைப் பணி தருவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். பள்ளி திறக்குமுன் ஒப்புதல் தெரிவித்தாக வேண்டும். கிடைத்த வேலையைக் கைவிட்டுக் கிடைக்காத படிப்பின் பின்னால் ஓடுவதை அப்பாவின் வணிக அறிவு ஏற்கவில்லை. முடிவில் எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கல்லூரி இடம் தந்தால் படிப்பு, தரவில்லையெனில் பள்ளி. அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அந்த ஒரு நேர்முகத் தேர்வின் மீதுதான் என் வாழ்வின் திசை நின்றது.

இந்தப் படிப்பின் மீது எனக்கு ஏன் இத்துணை வேட்கை என்பதைச் சொல்ல வேண்டும். இளங்கலை பயின்றபோது தோழியர் சிலருடன் சேர்ந்து, எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் மீனவப் பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். பேருந்து டோல்கேட்டைத் தாண்டும்வரை நிலக்கரிப் புகை உடன்வரும். திருவொற்றியூருக்கு அப்பால் உப்பளக் காற்று முகத்தில் அறையும். எண்ணூரில் இறங்கி மணலில் நடந்தால் குப்பம். காலையில் மீன் விற்கப் போன பெண்கள் பிற்பகலில் வெறுங்கூடையுடன் திரும்புவர். வலை காயவைக்கும் கொட்டகையின் நிழலில் வகுப்பு நடக்கும். தேர்வு வந்தது, திருமணம் வந்தது. தோழியர் ஒவ்வொருவராக நின்றுவிட்டனர். நான் மட்டும் தொடர்ந்து போய்வந்தேன்.

ஒரு கோடையில் குப்பத்துக் கிணறு உவர்த்துப் போயிற்று. குடிநீர் வேண்டி ஊரார் சார்பில் நானே ஒரு மனு எழுதினேன். எதுகையும் மோனையும் தாமாக வந்து விழுந்த மனு அது. ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து இன்னொன்றுக்குச் சென்று, "இஃது எம் எல்லைக்கு உட்பட்டதன்று" என்ற குறிப்புடன் என்னிடமே திரும்பி வந்தது. பெண்கள் சினம் கொள்ளவில்லை. எனக்குத்தான் சினம் மூண்டது. எழுதத் தெரிந்த எனக்கு எந்தக் கதவை யார் துணையோடு தட்ட வேண்டும் என்பது தெரியவில்லை. ஊராரை ஒன்றுகூட்டி அவர்கள் குரலாலேயே கேட்கச் செய்யும் வழியும் தெரியவில்லை. இவற்றைக் கற்பிப்பதற்கென்றே நகரின் தென்பகுதியில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டிருப்பதாக நாளேட்டில் படித்த அன்றே விண்ணப்பப் படிவம் வேண்டி எழுதிவிட்டேன்.

படிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. நற்சான்று இரண்டு வேண்டும். ஒன்று, கற்பித்த பேராசிரியரிடமிருந்து. மற்றொன்று, விண்ணப்பதாரர் தொண்டாற்றிய ஊரின் பொறுப்புள்ள ஒருவரிடமிருந்து. இரண்டும் மறைவாக எழுதப்பட்டு, உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட வேண்டும். அவற்றில் உள்ளதை அறியேன் என்ற உறுதிமொழியிலும் விண்ணப்பதாரர் ஒப்பமிட வேண்டும். என் பேராசிரியை கேட்ட அன்றே எழுதித் தந்துவிட்டார். இரண்டாவது அதனினும் எளிது என்று எண்ணி, கடையிலிருந்து அரக்குக் குச்சி ஒன்றையும் எடுத்துக்கொண்டு நெட்டுக்குப்பத்துக்குப் போனேன்.

ஊர்ப் பஞ்சாயத்தின் தலைவரைப் பெரியதனக்காரர் என்பர். அகன்ற தோளும் நரைத்த மீசையும் உடையவர். எழுதப் படிக்கத் தெரிந்தவர். கரையேற்றிய கட்டுமரத்தின் மேல் அமர்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா எழ்தணும்?" என்றார்.

"என்னைப் பற்றி நீங்கள் அறிந்ததை, நன்றும் தீதும், உள்ளபடி எழுத வேண்டும். நான் அதைப் பார்க்கலாகாது. உறையிலிட்டு அரக்கு வைத்துவிட வேண்டும்."

கயிறு முறுக்குவது நின்றது. "நீ பாக்கக் கூடாதா?"

"கூடாது."

"உன்னியப் பத்தி, உனுக்குத் தெரியாம, மொகம் தெரியாத ஆளாண்ட நான் சொல்லணும்."

"ஆம்."

"அத்த மூடி, மேல மெழுகு ஊத்தணும்."

"ஆம்."

"இதுக்கு எங்கூர்ல இன்னா பேரு தெரியுமா? கோளு."

அந்த ஊரின் வழக்கம் எனக்கு அன்றுதான் முழுமையாக விளங்கியது. ஒரே கட்டுமரத்தில் உயிரை ஒருவரிடம் ஒருவர் ஒப்படைத்துக் கடலுக்குள் போகிறவர்களிடையே, முதுகுக்குப் பின்னால் பேச்சு இருத்தல் ஆகாது என்பது அவர்கள் சட்டம். ஒருவரைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல வேண்டுமாயின், அம்மன் கோயில் முன்மணலில் அவரை நடுவே அமர்த்திச் சொல்ல வேண்டும். எல்லாரும் பேசி முடிக்கும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. இம்முறை தவறி மறைவில் பேசியவருக்குத் தண்டம் உண்டு. தோளிலிருந்து துண்டை இறக்கிச் சபையில் மன்னிப்புக் கேட்டு, அம்மனுக்குத் தேங்காய் வாங்கி உடைக்க வேண்டும்.

"போன மாசந்தான் எம் மச்சானுக்குத் தெண்டம் போட்டேன்," என்றார் பெரியதனக்காரர். "இப்போ நானே மெழுகு வச்சுக் கோளு சொன்னா, அவன் என்னிய சும்மா வுடுவானா?"

"புகழ்ந்து எழுதினாலும் கோளாகுமா?"

"பொகழ்ந்துதான் எழ்துனேன்னு உனுக்கு எப்டித் தெரியும்? நீதான் பாக்கக் கூடாதே."

அருகே கூடையைக் கவிழ்த்து அமர்ந்திருந்த நண்டுக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். கழிமுகத்து நண்டைத் திருவொற்றியூர்ச் சந்தையில் விற்பவள். என் வகுப்பில் முதலில் சேர்ந்தவளும், என்னை மிகுதியாகப் பகடி செய்பவளும் அவளே.

"வுடு டீச்சரம்மா. அவரு எழ்துனா மணல்ல நண்டு ஓடுன மாறிதான் கீதும். காலேஜிக்காரங்க அத்தப் படிக்கறதுக்குள்ள உனுக்கு வயசாயிடும்."

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு ஒட்டலாம் என்று பெரியதனக்காரர் ஒரு வழி சொன்னார். அவர் முறைக்கு அது பொருந்தும்; என் உறுதிமொழிக்குப் பொருந்தாது. பொய்யுறுதி கூறிவிட்டுப் பொதுத்தொண்டு கற்கப் போக என் மனம் ஒப்பவில்லை. அரக்குக் குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஒரு சான்றை மட்டும் இணைத்து, மற்றொன்று இல்லாமைக்கான காரணத்தையும் விளக்கி விண்ணப்பத்தை அனுப்பினேன். கல்லூரியிலிருந்து சுருக்கமான மறுமொழி வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரலாம். அன்று இரண்டாம் சான்றைக் கொண்டுவராவிடில் விண்ணப்பம் தள்ளப்படும்.

அதைப் படித்த அப்பா அதட்டவில்லை; அதுதான் எனக்கு அச்சமூட்டியது. "பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவ நாளைக்கு ஒரு எட்டு பார்த்துட்டு வா," என்று மட்டும் சொல்லிவிட்டு மிளகாய் மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். நான் போகவில்லை. நெட்டுக்குப்பத்துக்குப் போய்க் கல்லூரியின் மறுமொழியைச் சொன்னேன்.

கடலுக்குப் போகாத அமாவாசையன்று குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடியது. பேசப்படுவது என் செய்தி என்பதால், முறைப்படி என்னையும் அழைத்து நடுவே அமர்த்தினர். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். கல்லூரிக்காக ஒரு முறை மட்டும் வழக்கத்தைத் தளர்த்தலாம் என்றார் ஒருவர். இன்று கல்லூரிக்குத் தளர்த்தினால் நாளை மாமியாருக்குத் தளர்த்த வேண்டி வரும் என்றார் மற்றொருவர். சிரிப்பு அடங்கியதும் பெரியதனக்காரர் முடிவு சொன்னார்.

"அவங்கோ கேக்கறதுல தப்பில்ல. ஒரு ஆளச் சேக்கறதுக்கு மின்னால விசாரிக்கறாங்கோ. நாம சொல்றதுலயும் தப்பில்ல. மெழுகுதான் தப்பு. காலேஜி இங்க வராது. நாம அங்க போவலாம். டீச்சரு முன்னால, அவங்க காது கேக்க, நேர்ல சொல்லிட்டு வருவோம்."

"அப்போ நானும் வர்றேன்," என்றாள் நண்டுக்காரம்மா. "டீச்சரப் பத்தி எங்களாண்டதான் சரக்கு கீது."

பேச அனுமதி கிடைத்ததும் நான் கேட்ட முதற்கேள்வி, "குறைகளையும் சொல்வீர்களா?" என்பதுதான்.

"கொறை சொல்லலேன்னா அது சாட்சியா?" என்றார் பெரியதனக்காரர். "கல்யாணப் பந்தல்ல வாழ்த்து பாடற மாறி ஆயிடும்."

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. கல்லூரி, பெருஞ்செல்வர் ஒருவர் வாழ்ந்த பழைய மாளிகையில் நடந்துவந்தது. தூண்கள் நிறைந்த தாழ்வாரத்தில் விண்ணப்பித்தோர் அமர்ந்து தாழ்ந்த குரலில் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தனர். குப்பத்தாரைக் காணவில்லை. என்னை உள்ளே அழைத்தபோதும் அவர்கள் வந்து சேரவில்லை.

தேர்வுக் குழுவின் நடுவே கல்லூரி முதல்வர் அமர்ந்திருந்தார். கண்ணாடி அணிந்த, அளந்து பேசும் அம்மையார். அவர் வலப்பக்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். விண்ணப்பத்தில் நான் குறிப்பிட்டிருந்த குடிநீர் மனுவின் கதையை முதல்வர் கேட்டார், நான் சொன்னேன். நீதிபதி தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்கள் இரண்டாவது நற்சான்று எங்கே?" என்று ஆங்கிலத்தில் வினவினார்.

அப்போது வெளியே குரல்கள் எழுந்தன. கல்லூரிப் பணியாளர், "மீன் விக்கறதுன்னா பின்பக்கம் போ," என்று அதட்டுவதும், அதற்கு நன்கு பழகிய ஒரு குரல் மறுமொழி சொல்வதும் கேட்டன.

"மீன் இல்ல நைனா. மீன் வித்தாச்சு. சாட்சி கொணாந்துகீறோம்."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, என் இரண்டாவது நற்சான்று தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருக்கிறது."

முதல்வர் கதவைத் திறக்கச் செய்தார். பொதுக் காரியங்களுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கறுப்புக் கோட்டுடன் பெரியதனக்காரர் நின்றார், கையில் குடை. அவர் பின்னால் நண்டுக்காரம்மாவும் என் வகுப்புப் பெண்கள் சிலரும், சந்தையிலிருந்து நேரே வந்ததால் வெறுங்கூடைகளோடு நின்றனர். கடலின் மணம் அவர்களுக்கு முன்னே அறைக்குள் வந்துவிட்டது.

நீதிபதி மறுத்தார். சான்று மறைவாகத்தான் தரப்பட வேண்டும், விண்ணப்பதாரர் எதிரில் ஒருவரும் மனம் திறந்து பேசமாட்டார் என்றார். முதல்வர் அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல, பெரியதனக்காரர் தம் ஊர் முறையைப் பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்க நீதிபதியின் முகம் மாறியது. பின்பு, நெடுங்காலம் பேசாத மொழியைத் தேடி எடுப்பவர்போல் தமிழில் சொன்னார்: "நான் பல்லாண்டு நீதிமன்றத்தில் இருந்தவன். எதிர்த்தரப்பினர் இல்லாத இடத்தில் ஒரு நாளும் சாட்சியம் கேட்டதில்லை. இங்கே மட்டும் ஏன் வேறு விதமாகக் கேட்கிறோம் என்று தெரியவில்லை. பேசட்டும்."

நாற்காலிகள் கொண்டுவரப்பட்டன. அவர்கள் அமரவில்லை. கூடைகளைச் சுவரோரம் வைத்துவிட்டுத் தரையில் அரைவட்டமாக அமர்ந்து, என்னை நடுவே அமரச் சொன்னார்கள். முந்தின நாள் தேய்த்து மடித்த கைத்தறிச் சேலையுடன் அமர்ந்தேன். குழுவினர் எங்களைக் காண நாற்காலிகளை மேசைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சன்னலுக்கு வெளியே மற்ற விண்ணப்பதாரர்கள் கூடிவிட்டனர்.

பெரியதனக்காரர் தொடங்கினார். "இது எங்கூரு ஆளு இல்ல. ராயபுரத்து மொளகா மண்டி வூட்டுப் பொண்ணு. தோஸ்துங்களோட வந்துச்சு. தோஸ்துங்கோ பூட்டாங்கோ, இது நின்னுச்சு. ஏன் நின்னுச்சுன்னு எங்களுக்குத் தெரில. இப்பக்கூடத் தெரில."

"கொறைய நான் சொல்றேன்," என்று நண்டுக்காரம்மா முந்தானையைச் செருகிக்கொண்டாள். "மொத கொறை, இது பேசறது. பூசாரி மந்திரம் சொல்ற மாறி கீது. கொஞ்ச நாளு இது எங்களத் திட்டுதுன்னே நெனச்சுகினு இருந்தோம். ரெண்டாவது, லேட்டா வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும். மீனு விக்காத அன்னிக்கி நான் இன்னா பண்றது? நாறிப்போன மீனோட குந்திகினு அ, ஆ எழ்தறதா? மூணாவது, தண்ணிக்கு மனு எழ்துச்சு. சோக்கா எழ்துச்சு. படிச்சுக் காட்டச்சொல்ல எனுக்கு அழுவையே வந்துட்ச்சு. தண்ணிதான் வர்ல."

சன்னலில் யாரோ சிரித்தனர். நீதிபதி முதல்வரின் பக்கம் சாய்ந்து மெல்ல ஏதோ சொன்னார்.

"சாமி," என்றார் பெரியதனக்காரர், பணிவாக, ஆனால் உறுதியாக. "பஞ்சாயத்துல காதுல பேசக் கூடாது."

நீதிபதி நிமிர்ந்து அமர்ந்தார். "குறைகள் பலமாக இருக்கின்றனவே என்று சொன்னேன்," என்றார் உரக்க.

"இன்னும் முடியல, சாமி."

நண்டுக்காரம்மா தொடர்ந்தாள். "ஒரு தபா வலை அறுந்த தகராறுல வடக்குத் தெருவும் தெக்குத் தெருவும் பேச்சு நிப்பாட்டிட்டோம். பொம்பளைங்களும்தான். வகுப்புக்கு வந்தா அவங்கோ ஒரு பக்கம், நாங்கோ ஒரு பக்கம். இது இன்னா பண்ணுச்சு? ஒரே ஒரு பாய விரிச்சு, வேற பாய் இல்ல, எல்லாரும் இதுலயே குந்துங்கன்னுச்சு. இடிச்சுகினு குந்துனோம். ஒருத்தி கால ஒருத்தி மிதிச்சா. அப்டியே பேச்சு வந்துட்ச்சு. அப்பால பாத்தா, கொட்டாய்ப் பரண்மேல இன்னொரு பாயி சுருட்டி வச்சுகீது."

"மறைத்து வைத்தீர்களா?" என்று நீதிபதி என்னை நோக்கிக் கேட்டார்.

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

"அது பேசக் கூடாது, சாமி. நாங்க முடிக்கல," என்றார் பெரியதனக்காரர்.

அடுத்து, வகுப்பில் ஒருபோதும் அதிகம் பேசாத ஒரு பெண் பேசினாள். அவள் கணவர் முந்தைய மழைக்காலத்தில் கடலிலிருந்து திரும்பவில்லை.

"எங்கூட்டாரு போனப்போ எல்லாரும் வந்து இன்னான்னாவோ சொன்னாங்கோ. இது வந்து ஒண்ணும் சொல்லல. பக்கத்துல குந்திகினு இருந்துச்சு. அரிசியக் களைஞ்சு ஒலையில போட்டுட்டு, கொழந்தைங்களுக்குப் போட்டுட்டு, பூட்ச்சு. மறுநாளும் வந்துச்சு. நான் எழுந்து நானே ஒலை வக்கிற வரிக்கும் வந்துச்சு."

மறைவாக எழுதப்பட்டிருந்தால் இச்சொற்களை நான் என் வாழ்நாளில் அறிந்திருக்க மாட்டேன்.

முதல்வர் பெரியதனக்காரரிடம் கேட்டார்: "ஐயா, இவருக்கு இடம் கொடுக்கலாம் என்கிறீர்களா?"

"அது உங்க ஊரு விசயம்மா. நாங்க கண்டதச் சொன்னோம். இனிமே டீச்சரு பேசலாம்."

நான் எழுந்தேன். ஆங்கிலத்தில் விடை சொல்ல ஆயத்தமாக வந்திருந்தேன். ஆனால் என் சான்றாளர்களுக்குப் புரியாத மொழியில் அவர்கள் முன்னே பேசுவது அந்த முறைக்கு மாறாகும் என்று தோன்றியது. தமிழிலேயே சொன்னேன்: "கூறப்பட்ட குறைகள் மூன்றும் உண்மை. பாயை மறைத்ததும் உண்மை. அன்று அது பயன்பட்டது தற்செயல். மனு பயன்படாமல் போனதும் தற்செயலே. எது பயன்படும், எது பயன்படாது, ஏன் என்பதை அறியாமல் ஓர் ஊரின் வாழ்வில் கைவைக்க இனி நான் துணியேன். அந்த அறிவை வேண்டியே இங்கு வந்துள்ளேன்."

நண்டுக்காரம்மா திரும்பி மற்றப் பெண்களுக்கு விளக்கினாள். "மனசு கீது, வேல தெரில, கத்துக்குடுங்கன்னுது."

முதல்வர் சிரித்துவிட்டார். அதுவரை அளந்து பேசியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். என் தமிழுக்கு அதைவிடச் சிறந்த உரை இன்றுவரை கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் நன்றி. முடிவை அஞ்சலில் தெரிவிப்போம்," என்று அவர் எழ முற்பட்டார். குப்பத்தார் எழவில்லை.

"அம்மா," என்றார் பெரியதனக்காரர், "சாட்சி சொன்னவங்கோ தீர்ப்பு கேக்காம எழுந்திருக்கக் கூடாது. எழுந்தா சொன்ன சாட்சி செத்துப்பூடும். நீங்க மெதுவா யோசிங்கோ. நாங்க குந்திகினு கீறோம்."

இப்படியொரு பகுதி அவ்வழக்கத்தில் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். அவர்கள் எவரையும் மிரட்டவில்லை. கால்களை மடக்கி அமைதியாக அமர்ந்திருந்தனர். ஒருத்தி வெற்றிலைப் பையைக் கூட எடுத்துவிட்டாள். கதவோரம் நின்ற பணியாளர் பளிங்குத் தரையைக் கவலையோடு நோக்கினார். முதல்வர் நீதிபதியின் பக்கம் குனியப் போனவர், பெரியதனக்காரரின் பார்வையைக் கண்டதும் நிமிர்ந்துகொண்டார். வேறு வழியின்றிக் குழுவினர் என் முன்னிலையிலேயே, உரத்த குரலில், தமிழில், என்னைப் பற்றி ஆராய்ந்தனர்.

என் ஆங்கிலம் போதுமா என்றார் முதல்வர். கற்றுக்கொள்வார் என்றார் நீதிபதி. பொறுமை குறைவு என்று தெரிகிறதே என்றார் முதல்வர். காலந்தாழ்ந்து வருவோரிடம் தமக்கும் பொறுமை கிடையாது என்றார் நீதிபதி. பின்பு அவர் சான்றாளர்களை நோக்கிச் சொன்னார்: "தம் குறைகளை எதிரில் கேட்டும் ஒன்றையும் மறுக்காத ஒருவரை என் நீதிமன்றத்தில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். என் ஒப்புதல் இவருக்கு உண்டு."

"எனக்கும்," என்றார் முதல்வர். என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இடம் அளித்திருக்கிறோம். கல்லூரி திறக்கும் நாளில் வந்து சேருங்கள்."

இலக்கணம் பிறழாத சொற்றொடர்கள் எத்தனையோ என்னிடம் இருந்தன. ஒன்றும் உதவிக்கு வரவில்லை. கைகூப்பி நின்றேன். நண்டுக்காரம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அவ்ளோதான? எழுந்திருங்கோ, பஸ்ஸு பூடும்."

தாழ்வாரத்தில் மற்ற விண்ணப்பதாரர்கள் எங்களுக்கு வழிவிட்டு நின்றனர். நன்கு உடுத்திய இளைஞர் ஒருவர், எனக்கு நற்சான்று எழுதியவர் எவர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். முன்னே குடையை ஊன்றிப் போய்க்கொண்டிருந்த கறுப்புக் கோட்டைச் சுட்டிக்காட்டினேன்.

வீடு திரும்பும் வழி முழுவதும் செய்தி எங்களுக்கு முன்னே ஓடியது. பேருந்தில் கூடை நாற்றத்தைக் குறைகூறிய நடத்துநரிடம், "இந்த டீச்சரு பெரிய காலேஜில ஜெயிச்சுட்டு வந்துகீது, மூக்கப் புடிச்சுகினு சீட்டக் கிழி," என்றாள் நண்டுக்காரம்மா. வண்டியில் இருந்தவர்கள் அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். வேறொரு நாளாயின் நான் நாணித் தலைகுனிந்திருப்பேன். அன்று நிமிர்ந்தே அமர்ந்திருந்தேன்.

இராயபுரத்தில் என்னோடு அவர்களும் இறங்கினர். கடைவாசலில் மூட்டைகளின் நடுவே அப்பா நின்றிருந்தார். கூடைகளோடு ஓர் ஊர்வலம் தம் கடையை நோக்கி வருவதைக் கண்டு, என்ன வம்போ என்று மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினார்.

"நைனா," என்று நண்டுக்காரம்மா தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே குரல் கொடுத்தாள், "உம் பொண்ணுக்கு எடம் குட்த்துட்டாங்கோ. அதோட கொறை எல்லாத்தையும் சொன்னோம். அப்பவும் குட்த்துட்டாங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முகத்தில் அதுவரை நான் கண்டிராத ஒரு நெகிழ்ச்சி தோன்றி, வணிகர்க்குரிய விரைவில் மறைந்தது. "உள்ள வாங்க, எல்லாரும் உள்ள வாங்க," என்று மூட்டைகளை நகர்த்தி இடம் செய்தார். கருப்பட்டிக் காப்பி வந்தது. நடந்ததைப் பெரியதனக்காரர் முதலிலிருந்து சொல்லச் சொல்ல, அப்பா நின்றபடியே கேட்டார். அரிசி களைந்து உலை வைத்த பகுதி வந்தபோது, யாரோ அழைத்ததுபோல் கடையின் உட்பக்கம் போய்ச் சற்றுப் பொறுத்துத் திரும்பினார்.

அவர்கள் விடைபெற்றுச் சென்றதும், பள்ளித் தலைமையாசிரியைக்கு நன்றியும் மறுப்பும் தெரிவித்து எழுத அமர்ந்தேன். அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் என்ன கூட்டம் என்று கேட்டு வந்துவிட்டனர். அப்பா சொல்லத் தொடங்கினார்.

"எம் மவளுக்கு எடம் தருதியா இல்லியான்னு கேட்டு, நெட்டுக்குப்பம் மொத்தமும் காலேசுக்குள்ள போய் உக்காந்துட்டுல்லா. ஜட்ஜு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாராம். இந்த மாதிரி சாட்சிய எங்க கோர்ட்டுலகூடக் கேட்டதில்லன்னுட்டாராம்."

நீதிபதி எழுந்து நிற்கவில்லை, கும்பிடவுமில்லை. அரைவட்டமாக அமர்ந்த அந்தச் சிலர், மறுநாள் காலை மிளகாய்ச் சந்தையில் அப்பா சொன்ன கதையில், எண்ணூர் முதல் திருவொற்றியூர் வரையிலான கடற்கரை மக்கள் அனைவருமாகியிருந்தனர். பிழை காணும் இயல்பினள் நான். அதை மட்டும் திருத்தவில்லை.